எரிமலைக்கு அடியில் என் மாமியார்

'இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லிச் செய்த எந்தக் காரியமும் பிறகு மாற்றப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்த செங்கல், குழாய் ஒழுகாமல் இருக்கச் சுற்றிய பழந்துணி, கட்டில் கால் ஆடாமல் இருக்கச் சொருகிய அட்டை என்று திருவனந்தபுரத்து மணக்காட்டில் எங்கள் வீட்டிலேயே இதற்கு நிறையச் சாட்சிகள் உண்டு. அவற்றைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்த ஞானம் வரவில்லை. வந்திருந்தால் கல்யாணத்துக்கு முன்பே என் மாமியாரைத் தூக்கி எரிமலைக்கு அடியில் போட்டிருக்க மாட்டேன்.

(அவசரப்பட்டுப் போலீசுக்குச் சொல்லிவிடாதீர்கள். அத்தை நன்றாகத்தான் இருக்கிறார். இதை எழுதும்போதுகூட அடுக்களையிலிருந்து அவர் சத்தம் கேட்கிறது. படிக்கிற உங்களுக்கும் கேட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.)

அப்போது நான் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில், வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். என் வேலை சத்தம். கேமில் கதாநாயகன் மணலில் நடந்தால் ஒரு சத்தம், பாறையில் நடந்தால் வேறு சத்தம், வாளை உருவினால், விழுந்தால், செத்தால் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சத்தம். அவற்றைச் செய்து கொடுக்க வேண்டியது நான். எலும்பு முறிவதற்கு முருங்கைக்காயை ஒடிப்பேன். மாமிசம் கிழிவதற்குப் பலாப்பழத்தைப் பிளப்பேன். மைக்கை வைத்துக்கொண்டு நான் வீட்டில் இதைச் செய்வதைப் பார்த்த அம்மா ஒருநாள், "ஏட்டி, உன்னை எஞ்சினீயருக்குப் படிக்க வச்சது முருங்கைக்காய் ஒடிக்கதுக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் அடுத்த முருங்கைக்காயை எடுத்தேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பிரம்மாண்டமான கேம். பெயர்கூட வைக்கப்படவில்லை. ஒரு தீவு, அதன் நடுவில் ஒரு எரிமலை, எரிமலைக்கு அடியில் ஒரு அரக்கி. அவளுக்கு 'ராணி' என்று பெயர். தீவு முழுவதையும் தாண்டி வருகிற வீரன் கடைசியில் அவளோடு மோத வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம் முழுக்க எங்கள் கம்பெனியின் பொறுப்பு. வருடக்கணக்கில் அதிலேயே கிடந்தோம். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்ததால், நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. கேட்பவர்களிடம் அம்மா, "கம்ப்யூட்டர்ல சத்தம் போடுகா" என்று சொல்லிவைத்திருந்தாள்.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நாகராஜன், கரமனைக்காரர், வங்கி அதிகாரி. பூர்வீகம் எங்களைப் போலவே நாஞ்சில் நாடு. நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, எதையும் முழுதாகப் படிக்கவோ பார்க்கவோ பொறுமை கிடையாது. சினிமாவில்கூட இடைவேளைக்குப் பிறகு என்ன நடந்தது என்று என்னிடம்தான் கேட்பார். (இந்தக் குறை பின்னால் என் தலையில் இடியாக இறங்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.)

எங்கள் வீட்டில் இடம் போதாது என்று நிச்சயதார்த்தத்தை அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே பந்தல் போட்டு நடத்தினார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது, மூன்றாம் பந்தி வரை. மூன்றாம் பந்தியில் என் பெரியப்பாமார்கள் உட்கார்ந்து, பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் கடந்து பாயசத்துக்காக இலையை வழித்து வைத்துக் காத்திருந்தபோது பாயசம் தீர்ந்துவிட்டது. சமைத்த தவசிப்பிள்ளை பின்வாசல் வழியாக எப்போதோ போய்விட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அது பெரிதில்லை, மோர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். ஆனால் என் வருங்கால அத்தைக்கு அது உயிர் போகிற அவமானம். சம்பந்தக்காரர்கள் இலையில் பாயசம் விழவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

அத்தையின் குரலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குப் போனில் எழுத்து அடிக்கப் பிடிக்காது. எல்லாம் 'வாய்ஸ்'தான். போனை உதட்டோடு ஒட்டவைத்து, நான் நாகர்கோவிலில் இருப்பதாகவும் இடையில் கம்பி எதுவும் இல்லாததாகவும் நினைத்துப் பேசுவார். மெதுவாகத் தொடங்குகிற வாய்ஸ் போகப் போக வேகம் பிடிக்கும். ஒவ்வொரு வாக்கியமும் 'கேட்டியா' என்று முடியும். கேட்காமல் எங்கே போவது?

நிச்சயம் முடிந்த வாரம் எங்கள் ஆபீசிலிருந்து எல்லோரும் கல்லாற்றுக்குச் சுற்றுலா போனோம். மழையில் நனைந்து, ஆற்றிலும் குளித்து, திரும்பி வரும்போது என் தொண்டை அடைத்துவிட்டது. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால், வெளிநாட்டுக்காரர்களுக்கு அன்றே ராணியின் கட்டத்தை அனுப்ப வேண்டும் என்கிறார் ஷிபு சேட்டன். அவர்தான் எங்கள் குழுத் தலைவர். ராணிக்குப் பேசப்போகிற நடிகை யார் என்று இன்னும் முடிவாகவில்லை. வழக்கமாக இம்மாதிரி நேரங்களில் நானே கத்திப் பதிவு செய்து 'டெம்ப்' என்று போட்டு அனுப்புவேன். டெம்ப் என்றால் எங்கள் தொழிலில் இப்போதைக்கு வைப்பது, உண்மையான குரல் வந்ததும் தூக்கிவிடுவது. ஆனால் அன்று நான் வாயைத் திறந்தால் கோழி இருமுவது போலத்தான் வந்தது.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது போன் சிணுங்கியது. அத்தையின் வாய்ஸ்.

"மக்களே, அத்தையாக்கும் பேசுகேன். அந்த தவசிப்பிள்ளை ஊரைவிட்டே ஓடிட்டானாம், கேட்டியா? ஓடட்டும். எங்க ஓடினாலும் ஒருநாள் இங்கதான் வரணும். வரட்டும். எல்லாரும் வரட்டும். நான் இங்கதான் இருக்கேன். வந்தவன் ஒருத்தனும் முழுசாத் திரும்பிப் போகமாட்டான், கேட்டியா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எரிமலைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ராணி, தன்னைத் தேடி வருகிற வீரனிடம் சொல்ல வேண்டியதை எந்த எழுத்தாளராலும் இதைவிட நன்றாக எழுத முடியாது. மேலும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. ராணி பேசுவது மனிதர் அறியாத பழம்பாஷை என்றுதான் கதையிலும் இருந்தது. ஒரே வாரம்தான், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று என் மனசாட்சியிடம் சொன்னேன். அதுவும் அன்று தொண்டை கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது.

குரலைக் கொஞ்சம் கனமாக்கினேன். குகையின் எதிரொலி சேர்த்தேன். அடியில் நெருப்புக் குமுறலை ஓடவிட்டேன். அவசரத்தில் வாய்ஸ் முழுவதையும் அப்படியே தூக்கிப் போட்டேன், கடைசிவரை கேட்டுப் பார்க்கவில்லை. எப்படியும் வீரன் வந்து சண்டை தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும், மீதியை யார் கேட்கப் போகிறார்கள்?

ஷிபு சேட்டன் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். மாட்டிய வேகத்தில் கழற்றினார்.

"எண்டம்மோ! இது ஆரா உமா?"

"டெம்ப்" என்றேன்.

"டெம்ப் ஆணெங்கில் ஒரிஜினல் எந்தாயிரிக்கும்!" என்று, அசல் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டு போனார்.

அந்த வாரக் கடைசியில் வெளிநாட்டுக்காரர்கள் வீடியோ அழைப்பில் வந்தார்கள். அவர்களின் தலைவர் தாடி வைத்த பெரிய மனிதர். கேமில் எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருக்க, அவர் முதலில் கேட்டதே, அந்தக் குரல் யாருடையது, அது என்ன மொழி என்பதுதான். ஷிபு சேட்டன் யோசிக்காமல், "வெரி ஓல்ட் லாங்குவேஜ்" என்றார். (பொய் இல்லையே.) தாடிக்காரர் கண்களை மூடிக்கொண்டு, குரலை மாற்றவே கூடாது, அந்த நடிகையைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போடுங்கள், முன்னோட்டக் காணொளியே அவள் குரலில்தான் தொடங்க வேண்டும் என்றார்.

நடிகையாம், ஒப்பந்தமாம். கரமனையில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருக்கும் நடிகையிடம் போய், 'அத்தை, உங்களை அரக்கியாகப் போட்டிருக்கிறேன், கொம்பு உண்டு, ஒரு கையெழுத்து வேண்டும்' என்று எப்படிக் கேட்பது? நாடக நடிகை ஒருவரை வரவழைத்து அதே வசனங்களைப் பேசவைத்து அனுப்பிப் பார்த்தேன். 'இவரைக் கண்டால் பயம் வரவில்லை' என்று பதில் வந்தது. அந்த அம்மாள் தமிழ்நாடு முழுக்க சூர்ப்பணகை வேஷம் கட்டியவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கரமனைக்குப் போனேன். அத்தை முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். பேச்சுவாக்கில், "எங்க அப்பா சொல்லுவாரு மக்களே, என் சத்தம் கோயில் மணி மாதிரியாம். சின்னப் பிள்ளையில நான் தேவாரம் பாடினா தெருவே நின்னு கேக்கும், கேட்டியா?" என்றார். நான் முறுக்கைக் கடித்தேன். கோயில் மணியை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது முறுக்கு உள்ளே இறங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் எல்லோரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார்கள். திரையில் தாடிக்காரர் இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி, எதிரே எழுதிவைத்ததைப் படிப்பது போலப் பேசினார். உங்கள் உழைப்புக்கு நன்றி, சந்தை நிலவரம் சரியில்லை, இந்த கேமை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். அவ்வளவுதான். ஒரு வீட்டில் கரண்ட் போவதற்கு முன்கூட இதைவிட அதிக நேரம் விளக்கு மினுங்கும். தீவின் தென்னை ஓலைகளை மட்டுமே வருடக்கணக்காக வரைந்துகொண்டிருந்த ஒரு பையன், "அப்ப என்றெ ஓலைகள்?" என்று கேட்டான்.

நான் அழுதேன். விக்கி விக்கி அழுதேன். எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் தேறிக்கொண்டார்கள். ஷிபு சேட்டன் தண்ணீர் கொடுத்து, தன் பங்குப் பருப்பு வடையையும் என் தட்டில் வைத்து, "உமாதான் மனசு கொடுத்து வேலை செய்தது" என்று தழுதழுத்தார். உண்மையைச் சொல்கிறேன், அது நிம்மதியில் வந்த அழுகை. ராணி செத்தாள், நான் பிழைத்தேன். இனி ஒப்பந்தம் இல்லை, முன்னோட்டம் இல்லை, அத்தைக்கு ஆயுசுக்கும் தெரியாது. வடையை முழுசாகத் தின்றேன்.

பஸ்ஸில் ஏறி, ஸ்ரீகாரியம் நெரிசலில் நின்றபோதுதான் இன்னொன்று உறைத்தது. தீவின் கடலுக்காக விழிஞ்ஞத்தில் பாறைமேல் உட்கார்ந்து நான் பிடித்த அலைகள், வள்ளம் கரையேறுகிற சத்தம், மழைக்கு முன்னால் வீசுகிற காற்று, அத்தனையும் போயிற்று. அந்தத் தீவில் யாரும் கால் வைக்கப் போவதில்லை. நான் செய்த காலடிச் சத்தங்களில் யாரும் நடக்கப் போவதில்லை. இந்த முறை வந்த அழுகை நிஜமான அழுகை. பக்கத்தில் இருந்த அம்மாள், "மோளே, பரீட்சை தோற்றோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கம்பெனி என்னை வேறு கேமுக்கு மாற்றியது. அதில் ஒரு பண்ணை, பத்துப் பசுக்கள். நான் பசுவாகக் கத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் ஓய்ந்தது என்று நினைத்திருந்தேன்.

கல்யாணப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து கிழக்கேகோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனோம். எங்கள் பக்கம் நானும் அம்மாவும். அவர்கள் பக்கம் அத்தை, மாமா, நாகராஜன். வெள்ளை விரிப்பில் பட்டுச் சேலைகள் மலையாகக் குவிந்திருந்தன. அத்தை நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரரான விற்பனையாளர் வியர்த்துப்போய், "அம்மா, இதுக்கு மேல மாடியே இல்ல" என்று கெஞ்சும் நிலைக்கு வந்திருந்தார். மாமா ஓய்வுபெற்ற கணக்கர், அதிகம் பேசாதவர். ஜவுளிக் கடைகளில் ஆண்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, போனைச் சத்தமாக வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

போனிலிருந்து ஆங்கிலத்தில் யாரோ இளைஞன் பேசும் சத்தம் கேட்டது. வெளிவராமலே போன கேம்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நாகராஜனைப் பார்த்தேன்.

"உன் கேம்தான் உமா!" என்றார் அவர் பெருமையாக. "நின்னு போச்சுன்னு சொல்லி வருத்தப்பட்டியே, அதே தீவு. அந்தக் கம்பெனிக்காரன் எவனோ வெளியில விட்டுட்டானாம், உலகம் பூரா பாத்திருக்கு. ஆபீஸ்ல ஒருத்தன் அனுப்பினான். நான்தான் குடும்பக் குரூப்ல போட்டேன்."

"முழுசாப் பாத்தீங்களா?"

"தொடக்கம் பாத்தேன். கடல் சூப்பர்."

அதற்குள் கடல் முடிந்துவிட்டது. எரிமலை வந்துவிட்டது. நெருப்புக் குமுறல், குகையின் எதிரொலி, பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி இடிமுழக்கமாக ஒரு குரல்:

"மக்களே... அத்தையாக்கும் பேசுகேன்."

மாமா துள்ளி எழுந்தார். போனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு சேலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கேட்டுவரும் சத்தம், மனைவி வாயைத் திறக்காமலே வேறெங்கிருந்தோ வருகிறது. பாவம் மனிதர், போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"சரசு, நீ இங்க இருக்கே... இது உன் சத்தமில்லா?"

யாரும் நிறுத்தத் தெரியாமல் நின்றோம். அந்தக் காணொளியில் விளையாடியவன் வேறு பயந்துபோய், சண்டைக்கு வராமல் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். அதனால் வாய்ஸ் முழுவதும் ஓடியது. ஒருத்தனும் முழுசாத் திரும்பிப் போகமாட்டான், கேட்டியா. சம்பந்தக்காரங்க இலையில பாயசம் விழல்ல, கேட்டியா. நான் கேட்காமல் விட்ட கடைசிப் பகுதியும் வந்தது. கொம்பு முளைத்த அரக்கி, கண்ணில் நெருப்பு பறக்க, எரிகுழம்பிலிருந்து மேலெழும்பி முழங்கினாள்:

"நாகராஜனுக்கு மூக்கொழுகுது. கஷாயம் குடிக்க மாட்டேங்கான். சரி உமா, வைக்கேன்."

நாகராஜனின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஆங்கிலத்துப் பையன் விளக்கம் வேறு கொடுத்தான்: இந்த சாபத்தின் பொருளை இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் இதில் வருகிற 'நாகராஜன்' என்பவன் ராணியைவிடக் கொடிய அரக்கனாக இருக்கலாம் என்று ரசிகர்கள் கருதுகிறார்களாம்.

விற்பனையாளர் விரித்த சேலையை மடிக்கவில்லை. பக்கத்துக் குடும்பம் ஒன்று சேலை பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கியது. அம்மா என் முழங்கையைக் கிள்ளி, "என்னட்டி செய்து வச்சிருக்கே? இனி தாம்பூலத்தைத் திருப்பித் தந்திருவாங்கட்டி" என்று முனகினாள்.

எனக்கும் அதுதான் தோன்றியது. ஒரு கேமை நிறுத்துவதற்கே ஒரு பெண்மணி எழுதிவைத்துப் படித்தது போதுமாக இருந்தது. ஒரு கல்யாணத்தை நிறுத்த அத்தைக்கு எழுதிவைக்கக்கூட வேண்டாம். எனக்கு நாகராஜனைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. கடல் சூப்பர் என்று அவர் சொன்னபோது, அந்த அலைகளைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்று அந்தப் பயத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது. அதையெல்லாம் ஒரு பாயசத்துக்குத் தோற்கப் போகிறேன்.

அத்தை சேலையைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கப் போடுங்க."

மாமா போட்டார். அத்தை தலையைச் சாய்த்து, கச்சேரி கேட்பது போலக் கடைசிவரை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது நான் அனுப்பின வாய்ஸில்லா?"

"ஆமா அத்தை." தொண்டையிலிருந்து பழைய கோழிதான் வந்தது. "இப்போதைக்குன்னுதான் வச்சேன். மாத்திரலாம்னு... அதுக்குள்ள கேமே நின்னுபோச்சு... என்னை மன்னிச்சிருங்க அத்தை."

"யாருட்டி இவ?"

"அரக்... ராணி அத்தை. எரிமலைக்கு ராணி."

"கொம்பு எதுக்கு?"

"அது வரையறவங்க வச்சது அத்தை. எனக்குச் சத்தம் மட்டும்தான்."

"பாறைக்குப் பின்னால பதுங்கிக் கிடக்கானே, அவன் யாரு?"

"வீரன். உங்களைக் கொல்ல வந்தவன்."

அத்தையின் முகம் இறுகியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாகராஜன் என்னவோ சொல்ல வாயெடுத்தார், அத்தை கையை உயர்த்தினார். அவர் கேட்டது எங்கள் யாருடைய கற்பனைக்கும் எட்டாத ஒன்று.

"கொன்னானா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் யோசித்தேன். ராணி சாகிற காட்சி அடுத்த மாத வேலையாக இருந்தது. அதைச் செய்வதற்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆபீசில் சோதித்துப் பார்த்த அத்தனை பேரும் செத்தார்கள். ஷிபு சேட்டன் விளையாட்டில் புலி, அவரும் செத்தார். தாடிக்காரரும் செத்தார். ராணியின் உயிர் எவ்வளவு வெட்டினாலும் குறையாதபடிதான் அதுவரை வைத்திருந்தோம்.

"இல்ல அத்தை" என்றேன். "ஒருத்தனாலயும் முடியல. போனவன் எல்லாம் செத்தான்."

"வெளிநாட்டுக்காரனும்?"

"எல்லா நாட்டுக்காரனும் அத்தை."

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு விற்பனையாளரிடம், "அந்த அரக்குச் சேலையை எடும். கரை பெருசா உள்ளது" என்றார். அவர் கேட்பதற்குள் அது விரிந்துவிட்டது. அத்தை அதை என் தோளில் போட்டுப் பார்த்து, "இவளுக்கு இதுதான் எடுப்பு" என்றார். எனக்கு அழுகை பீறிட்டது. அம்மாவுக்கும்தான். மாமா மட்டும் இன்னும் போனைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து நடக்கும்போது அத்தை என் பக்கம் சாய்ந்து, மெதுவாக (அதாவது, பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை மட்டும் கேட்கும்படி) சொன்னார்: "ஆனா ஒண்ணு. அடுத்த தடவை என்னைக் கேட்டுட்டு எடு. தொண்டையைச் சரி பண்ணிட்டுப் பேசியிருப்பேன்லா."

கல்யாணம் நன்றாக நடந்தது. புதிதாகப் பிடித்த தவசிப்பிள்ளையிடம் முதல்நாளே மாமா அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பாயசம் மறுநாளும் மிச்சம் இருந்தது. என் கணவருக்கு வங்கியில் இன்றும் 'அடுத்த அரக்கன்' என்றுதான் பெயர். வீட்டில் அத்தை சண்டைக்கு வரிந்துகட்டினால், மாமா நைசாகப் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். போகும்போது எங்களிடம், "வேண்டாம் மக்கா, ஒதுங்கிருங்க. வெள்ளைக்காரனாலயே முடியல்ல" என்பார்.

அந்த கேமை மறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே கசிந்த துண்டுகளை ஒட்டவைத்து, சில ரசிகர்கள் தாங்களாகவே அதை முழுதாகச் செய்துகொண்டிருக்கிறார்களாம். சென்ற மாதம் அவர்களில் ஒருவர் எப்படியோ என்னைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார். தீவு தயார், கடல் தயார், வீரன் தயார். ராணி தோற்று விழும்போது எழுப்புகிற கடைசி அலறல் மட்டும் இல்லை. அதே நடிகை ஒரே ஒரு தடவை அலறிப் பதிவு செய்து கொடுத்தால், இத்தனை வருடம் கழித்து அந்த கேம் முடிந்துவிடும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் காலடிச் சத்தங்களில் கடைசியில் எல்லோரும் நடக்கப் போகிறார்கள். இந்த முறை ஒழுங்காகக் கேட்டு அனுமதி வாங்கிவிடுவது என்று மைக்கை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். நாகராஜனும் மாமாவும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அத்தை தேங்காய் துருவிக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நான் மைக்கை நீட்டினேன். அவர் துருவுவதை நிறுத்தி, தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு, அட்சரம் பிசகாமல் மைக்கில் சொன்னார்:

"தோக்குற சத்தமெல்லாம் எனக்கு வராது, கேட்டியா?"